லைப்ரரிக்காக நடந்த வேலைநிறுத்தம்

வட்டகொடைத் தேயிலைத் தோட்டம்.

பெரும் மதிப்புக்கும் சிறு சந்தேகத்துக்கும் உரிய அக்கா ஜீவராணி அவர்களுக்கு, ஒரே தம்பி துஷாந்த் எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, நான், கூரைத் தகரம் எல்லோரும் சுகம். தகரம் மட்டும் மழைக்கு அழுகிறது. வாட்ஸ்அப்புக்குத் தாங்கள் பதில் போடாததால் தபால்காரரைத் தொந்தரவு செய்கிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது.

போன லீவுக்கும் நீ பல்கலைக்கழகத்திலிருந்து வரவில்லை. "பாடப் புத்தகம் லைப்ரரியில வாங்குறதே இல்லடா, இருக்கிற ஒண்ணையும் வெளிய தரமாட்டாங்க, இங்கேயே குந்திப் படிக்கணும்" என்றாய். வரப்போகிற தீபாவளிக்கும் அதே கதை வந்ததும், அப்பா குரலில், அவர் இருமலையும் சேர்த்து, உங்கள் லைப்ரரிக்குப் போன் போட்டேன். போனை எடுத்த லைப்ரரி அம்மா சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார்: பாடப் புத்தகமெல்லாம் வாங்குகிறார்களாம், ஒரு பிரதி அங்கேயே இருக்குமாம், மற்றதைப் பிள்ளைகள் லீவுக்கு வீட்டுக்கே கொண்டுபோகலாமாம்.

உன்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், "லைப்ரரியில புத்தகம் வாங்குறதில்லையாம்" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன், அவர் நேரே யூனியன் தலைவர் அழகுமுத்துவிடம் போக, தலைவர் மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் எழும்பி, "மருந்தடிக்கக் கூப்பிட்டா டாங்கி குடுக்குறாங்கல்ல, படிக்கக் கூப்பிட்டா புத்தகம் குடுக்கணுமா இல்லையா, குடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறப்படாது" என்க, சனம் உட்கார, வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு ஓட, மானேஜர் தொரை வந்து "கெம்பஸ் என்னோடது இல்லையேப்பா" என்று தலையைப் பிடிக்க, அவரே போன் போட்டுப் பார்த்து, புத்தகம் இருக்கிறது என்றதும் தலைவர் அதைத் தன் வெற்றியாக அறிவித்து கோயிலில் பட்டாசு வெடித்துவிட்டார். ராக்காயி பெரியம்மா புத்தகத்துக்கு மாலை கட்டப் பூவுக்குச் சொல்லிவிட்டார். ஆகவே தீபாவளிக்குப் புத்தகத்தோடு நீ வராவிட்டால் தோட்டம் மறுபடி உட்காரும்.

மற்றபடி நீ இல்லாதது எனக்கு வசதிதான். கம்பளி முழுக்க எனக்கே. ஒளித்துவைக்க உன் செருப்புத்தான் இல்லை. அம்மாவுடையதை ஒளித்தேன், தேடாமல் வெறுங்காலோடே மலைக்குப் போய்விட்டார். சிரிப்பு வரவில்லை.

மாரியம்மன் உனக்கு நல்ல புத்தியும் ரயிலில் ஜன்னலோர சீட்டும் அருளட்டும்.

இப்படிக்கு,
கம்பளி உரிமையாளர்
துஷாந்த்

பி.கு.: வேலைநிறுத்தம், பட்டாசு, மாலை எதுவும் நடக்கவில்லை. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா இன்னும் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது, "எம் புள்ள புத்தகத்துக்காகத்தான் அங்க நிக்கிறா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். லைப்ரரிக்குப் போன் போட்டது மட்டும் நிஜம். புத்தகம் வேணாம்க்கா. செருப்போட வா, போதும்.