இறங்க முடியாத சைக்கிள்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே மகள் வீட்டில் என்னைத் தவிர அனைவரும் நலம். நீயும் உன் வீட்டாரும் நலமென்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நாளை மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வந்து நில். நான் ஊருக்கே வந்துவிடுகிறேன்.

எல்லாம் மாப்பிள்ளையின் சைக்கிளால் வந்த வினை. காலையில் "வரேன் மாமா", இரவில் "தூங்குங்க மாமா", அவ்வளவுதான் அவருக்கும் எனக்கும் பேச்சு. அந்தச் சைக்கிளை ஹால் சுவரில் மாட்டித் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். "அப்பா, அதை மட்டும் தொட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மகளும் வேலைக்குப் போனாள். வந்த ஊரைப் பார்க்காமல் நான்கு சுவரை எத்தனை நாள்தான் பார்ப்பது? அவர் வருவதற்குள் சுற்றிவிட்டு மாட்டிவிடலாமென்று வாசல்படியில் நின்று ஏறிவிட்டேன். மாப்பிள்ளை நல்ல நெட்டை. சீட்டும் அவர் உயரத்துக்கு. என் கால் தரைக்கு எட்டாதென்பது நகர்ந்த பிறகுதான் உறைத்தது. தெருவோ ஒருவழிப் பாதை, திரும்பவும் முடியாது. சாய்ந்தால் சைக்கிளில் கீறல் விழும். கீறல் விழுந்தால் இருக்கிற அந்த இரண்டு பேச்சும் போச்சு. குதிக்கவும் மாட்டேன்; "வண்டி நின்னப்புறம் இறங்குங்க" என்று சர்வீஸ் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திய கண்டக்டர் நான்.

அப்புறமென்ன, மிதி மிதியென்று மிதித்தேன். அருங்காட்சியகத்தை மூன்று சுற்று சுற்றியும் வாசலைத்தான் பார்த்தேன். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் பக்கத்து பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஒரு அம்மா, "ஏறணும்னா வாசல் பக்கம் வாங்க பெரியவரே" என்கிறாள். "ஏறலம்மா, சும்மா பிடிச்சிருக்கேன்" என்றேன். பச்சை விழுந்ததும் அந்த பஸ் என்னை வேறு சாலையில் இழுத்து விட்டது. பார்த்தால் ஊர் முடிந்து ஏரிக்கரை! தண்ணி பளபளன்னு கிடக்கு, யார் பார்த்தா? பின்னாடி நாய் துரத்துது. "ஊருக்கு எப்படிங்க திரும்பறது?" என்று ஒருவரைக் கேட்டால், "அந்தச் செங்கல் சூளைகிட்ட..." என்று அவர் தொடங்கும்போதே தாண்டிவிட்டேன். மிச்ச வழியை வேறு ஆட்களிடம் துண்டு துண்டாக வாங்கித் தெருவுக்குள் நுழைந்தால், எந்தப் படியில் கால் ஊன்றி இறங்கலாமென்று நம்பி வந்தேனோ அதே படியில் மாப்பிள்ளை நிற்கிறார். "மாப்ளே, பிடிங்க!" என்று அலறி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

கீறல் ஒன்றுகூட இல்லை. ஏரி, நாய், சூளை என்று நான் உளறிக் கொட்டினேன். மனுஷன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்பேனர் சத்தம் கேட்கிறது. நான் இனித் தொடக்கூடாதென்று கழற்றிப் போடுகிறார் போல. அவமானமாக இருக்கிறது. இனி எந்த முகத்தோடு இங்கே சாப்பிட உட்காருவேன்?

குழந்தைகளுக்கு என் ஆசி. உன் அண்ணியிடம் மூச்சு விடாதே.

இப்படிக்கு,
நொந்துபோன அண்ணன்

பி.கு.: பஸ் ஸ்டாண்டுக்கு வராதே. பால்கனிக் கதவு இப்போதுதான் திறந்தது. "ஏறிப் பாருங்க மாமா, கால் எட்டுதா?" என்றார். சீட்டை அடியோடு இறக்கியிருக்கிறார். இரண்டு காலும் எட்டியதடா! "நாளைக்கு லீவு போட்டுட்டேன். எனக்குப் பக்கத்து வீட்டு சைக்கிளக் கேட்டிருக்கேன். அந்த ஏரிப் பக்கம் நான் போனதே இல்ல, நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்" என்றார். அதுக்கென்ன மாப்ளே, கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன் என்று சொல்லிவிட்டேன். எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.