நட்சத்திரம் தொட்ட சாமியும் ஆரஞ்சுக் கண்ணாடியும்

மந்தாரக்குப்பத்திலிருந்து நட்சத்திரத்துக்கு நேரடிப் போக்குவரத்து தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் பொழுது சாய்ந்ததும் புறப்பாடு. பேருந்துக்கு நிற்காத வரிசை இதற்கு நின்றது. சுரங்கத்தில் முதல் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் அலுப்பில் நின்றுகொண்டே தூங்கினார்கள். மற்றவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள்.

சாமியின் பெயர் நட்சத்திரம் தொட்ட சாமிகள். "ஜென்ம நட்சத்திரத்தை வானத்திலேயே தொட்டு தோஷம் நீக்கப்படும்" என்று கடைத்தெரு முழுக்க பேனர். பேனரில் சாமியின் ஆள்காட்டி விரலிலிருந்து ஒரு பச்சை ஒளி கிளம்பி, நிலாவை ஒதுக்கித் தள்ளிவிட்டு மேலே போனது. பேனர் அடித்தவர் தாராள மனசுக்காரர்.

இடம், மூடிக்கிடந்த கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்துக் காலி மனை. அங்கே ஒரு மேடை. மேடை நடுவில் பித்தளைப் பூண் போட்ட ஒரு தண்டம் வானத்தைப் பார்த்துச் சாய்வாக நின்றது. பக்தர் மேலே ஏறி, தண்டத்தின் அடியில் ஓர் அகல் வைத்து, பெயரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிரதம சீடன் சுதாகர் மணி அடிப்பான். உடனே தண்டத்தின் நுனியிலிருந்து பச்சைக் கோடு ஒன்று சீறிக்கொண்டு போய் வானத்தைத் தொடும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

கோடு அவ்வளவு எடுப்பாகத் தெரிந்ததற்குப் பாதிக் காரணம் சாம்பிராணிப் புகை. மீதிக் காரணம் நம் ஊர்க் காற்று. காலையில் ஜன்னலைத் துடைத்தால் துணியில் கறுப்பாக ஒட்டுமே, அதே நிலக்கரித் தூசிதான். சாமியின் சக்தியில் சரிபாதி தூசியின் சக்தி. ஆனால் தூசிக்கு யாரும் தட்சிணை வைக்கவில்லை.

இன்னொரு அதிசயமும் உண்டு. அசுவினி, மகம், மூலம், ரேவதி என்று யார் என்ன நட்சத்திரம் சொன்னாலும் அது ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலேதான் இருந்தது. தண்டத்தின் தாங்கி வேறு பக்கம் திரும்பாது. ஆகவே இருபத்தேழு நட்சத்திரங்களும் தங்கள் வசதியைப் பார்க்காமல் அங்கே குடிவந்துவிட்டன.

சாமி எப்போதும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய கண்ணாடி போட்டிருப்பார். ஞானக் கண்ணாடியாம். அதன் வழியாகப் பார்த்து, கோட்டின் பருமனை வைத்துப் பக்தரின் பாவத்தை அளப்பார். கோடு தடிமனாக இருந்தால் பாவம் அதிகம், ஆகவே திரும்ப வர வேண்டும். மெலிதாக இருந்தால் பாவம் கரைந்துகொண்டிருக்கிறது, ஆகவே திரும்ப வர வேண்டும்.

இதெல்லாம் சாதாரணப் பக்தருக்கு. விசேஷப் பக்தருக்கு நேத்திர தீட்சை. அதாவது தண்டத்தைக் கழற்றிக் கையில் எடுத்து, பக்தரின் இரண்டு கண்ணுக்குள்ளும் அந்த ஒளியைப் பாய்ச்சுவது. அகக்கண் திறக்குமாம்.

அந்த தீட்சைக்குத்தான் மதிவாணன் பெயர் கொடுத்திருந்தான். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. கம்மாபுரம் பக்கம் இருந்த அப்பன் நிலம் சுரங்கத்துக்குள் போய், மகனும் அதே சுரங்கத்துக்குள் போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போதுதான் பர்மனன்ட் ஆகும் பட்டியலில் பெயர் வந்திருந்தது. பாக்கி இருந்தது மெடிக்கல். மெடிக்கலில் முக்கியமானது கண் பரிசோதனை. கண் சரியில்லை என்றால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும்.

"ஜோதி ஏத்திக்கினா கடைசி வரி எழுத்துகூட பளிச்சினு தெரியுமாம்" என்றான் வீட்டில்.

அவன் மனைவி அன்புக்கரசி தையல் கடை வைத்திருப்பவள். ஊசியில் நூல் கோக்கிறவளுக்குக் கண்ணின் அருமை தெரியும்.

"பக்கத்து வூட்டு தனகோட்டி அண்ணன் போன மாசம் ஏத்திக்கினாரே, அவருக்கு என்னா தெரியுது? நேத்து எதிர்ல நின்னுகினு இருக்கேன், 'யாரும்மா'ன்றாரு. மூஞ்சிக்கு நடுவுல கறுப்புப் பொட்டா இருக்குதாம். ஆட்டோவ எடுக்கவே பயந்துகினு கெடக்கறாரு."

"சனி கண்ணு வழியா எறங்குதாம். சாமியே சொல்லிட்டாரு."

"எறங்கற சனி ரோட்ட மறைச்சிகினா எறங்கும்?"

"ஏய், எத்தினி வருசமா காண்ட்ராக்ட்லயே பொரண்டுகினு கெடக்கறேன். இந்த ஒரு தடவ வாய வெச்சிகினு சும்மா இரு."

அன்புக்கரசி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப்புக்குப் போனாள். அங்கே குவார்ட்டர்ஸில் புஷ்பவல்லி இருக்கிறாள். அனல்மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவு வேலை. சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் டெலஸ்கோப் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் வானம் காட்டுவாள். அந்த டெலஸ்கோப்புக்கு உறை தைத்துக் கொடுத்தவள் அன்புக்கரசி.

விஷயத்தைக் கேட்டதும் புஷ்பவல்லி மேசை இழுப்பறையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து வைத்தாள்.

"இதுவும் பச்சை லைட்தான், லேசர். நான் பண்ணது. விரலை நீட்டி அந்த நட்சத்திரம்னா ஆளுக்கு ஒண்ணைப் பாப்பாங்க, அதனால இதை வச்சுத்தான் காட்டுவேன். பட்டனை அமுக்கினாத்தான் எரியும், விரலை எடுத்தா அணைஞ்சிரும். சக்தி ரொம்பக் கம்மி. மீட்டர் வச்சு அளந்துட்டுத்தான் மூடியே மாட்டினேன். அப்பவும் ஆள் மேல காட்ட மாட்டேன், விமானம் போற பக்கம் காட்ட மாட்டேன், குழந்தைங்க கையில குடுக்க மாட்டேன்."

"அப்ப சாமியோடதுக்கா?"

"எங்கயாவது மலிவா வாங்கியிருப்பான். மேல ஒட்டியிருக்கற லேபிள்ல ஒரு அளவு, உள்ள இருக்கற சக்தி அதைப்போலப் பல மடங்கு. சின்ன வயசுல வெயில்ல லென்ஸ் வச்சு பேப்பரைப் பத்த வச்சிருக்கியா அன்பு? நம்ம கண்ணுக்குள்ளயே ஒரு லென்ஸ் இருக்கு. உள்ள வர்ற வெளிச்சத்தை அது ஒரு புள்ளியில குவிச்சிரும். நீ இமையை மூடறதுக்குள்ள அந்த இடம் வெந்துரும். வலிக்காது. அதான் கொடுமை."

புஷ்பவல்லி ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"சாமி கண்ணாடி போட்டிருப்பாரா? என்ன கலரு?"

"ஆரஞ்சுக்கா. கழட்டவே மாட்டாரு."

புஷ்பவல்லி சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே முகம் கோபத்தில் சிவந்துவிட்டது. எழுந்து போய் அலமாரியிலிருந்து அச்சு அசலாக அதே போன்ற ஓர் ஆரஞ்சுக் கண்ணாடியை எடுத்துவந்து அன்புக்கரசிக்கு மாட்டிவிட்டாள். விளக்கை அணைத்துவிட்டு, பேனாவைச் சுவரைப் பார்த்துப் பிடித்து அமுக்கினாள்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலியே."

"கழட்டிட்டுப் பாரு."

சுவரில் பச்சைப் புள்ளி நின்றது.

"பச்சையை மட்டும் உள்ள விடாத கண்ணாடி. லேசரோட வேலை செய்யறவங்க கண்ணைக் காப்பாத்திக்கப் போடறது. அந்த ஆளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, அன்பு. தெரிஞ்சேதான் பண்றான். தன் கண்ணை மட்டும் பத்திரமா மூடிக்கிட்டிருக்கான்."

அன்புக்கரசி கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இதப் போட்டுக்கினா கோடே தெரியாதில்ல? அப்புறம் எப்டிக்கா அவரு கோடு தடியா இருக்கு, மெலிசா இருக்குன்னு சொல்றாரு?"

"நல்ல கேள்வி. மேடையில வச்சே கேப்போம்."

அடுத்த வெள்ளிக்கிழமை. கூட்டம் நெரிந்தது. மதிவாணன் குளித்து, புதுச் சட்டை போட்டு, பலியாடு போல் மேடையில் நின்றான். முதலில் நட்சத்திரம் தொடுதல், அடுத்து தீட்சை. புருஷனுக்காக அகல் வைக்க அன்புக்கரசி ஏறினாள். கூடவே அக்காள் முறையில் புஷ்பவல்லியும் ஏறினாள். சாமி வழக்கம்போல முகத்தை வானத்துக்குத் தூக்கிக் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

புஷ்பவல்லி தன் கையிலிருந்த பெரிய அகலைத் தண்டத்தின் அடியில் வைக்கவில்லை. சாம்பிராணிப் புகையின் மறைவில் அதை நுனியில் தொப்பி போலக் கவிழ்த்தாள். அகலுக்குள் தையல் கடைக் கறுப்புத் துணி ஒன்று ஒட்டியிருந்தது. கவிழ்த்துவிட்டு, பக்திமானைப் போல ஒதுங்கிக் கை கட்டி நின்றாள்.

திரைக்குப் பின்னால் மணி அடித்தது. வானத்தில் ஒன்றும் கிளம்பவில்லை. வெறும் இருட்டும் சாம்பிராணியும்தான்.

"ஆஹா!" என்றார் சாமி. "கிளம்பிவிட்டது ஜோதி! பார்த்தீர்களா பக்தர்களே!"

கூட்டம் மேலே பார்த்தது. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தது. முன்வரிசையில் எப்போதும் துண்டு போட்டு இடம் பிடிக்கும் பெரியவர் வெள்ளைச்சாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"தெரியுது சாமி! தெரியுது!"

அவருக்குத் தெரிந்துவிட்டதால் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது. "தெரியுது, தெரியுது" என்று முன்வரிசை முழுவதும் உருகியது. பக்கத்து ஆளுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாவிட்டால் மானம் போய்விடாதா?

மதிவாணன் மட்டும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான். "சாமி, எனுக்கு ஒண்ணும் தெரியலிங்களே."

"உன் பாவம் மறைக்கிறது, மகனே. எவ்வளவு தடிமன்! பனைமரத் தடிமன்! உன் முப்பாட்டன் செய்த பாவம் வரை இதில் தெரிகிறது..." சாமி முப்பாட்டனில் ஆரம்பித்துத் தாத்தா வரை வந்துகொண்டிருந்தார்.

"சாமி," என்று குறுக்கே விழுந்தாள் அன்புக்கரசி, "நல்லா பாத்துச் சொல்லுங்க. இப்பவும் எரிஞ்சிகினுதான் இருக்குதுங்களா?"

"மூடப் பெண்ணே! சனி மண்டலத்தையே தொட்டு நிற்கிறது!"

சனி மண்டலத்துக்குப் பதிலாகப் பொசுங்கல் வாடை வந்தது. புஷ்பவல்லி திரைப் பக்கம் திரும்பி, "சுதாகர், சுவிட்சை நிறுத்து" என்று ஷிஃப்ட் என்ஜினியர் குரலில் ஒரு அதட்டல் போட்டாள். சொன்னதைச் செய்தே பழகிய பழக்கதோஷத்தில் அவன் நிறுத்திவிட்டான். அகலை எடுத்தாள். கறுப்புத் துணியை உருவிக் கூட்டத்துக்குப் பிரித்துக் காட்டினாள். நடுவில் ஓட்டை. ஓரத்தில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"இவ்வளவு நேரமா தண்டத்துக்கு மூடி போட்டிருந்தது நான். சாமி பாத்த பனைமரம் இந்த அகலுக்குள்ளதான் இருந்துச்சு. அவர் போட்டிருக்கற கண்ணாடியில பச்சை வெளிச்சமே தெரியாது. எரியுதா அணைஞ்சிருக்கான்னுகூட அவருக்குத் தெரியாது. நம்பாதவங்க இதைப் போட்டுப் பாருங்க."

தன் கண்ணாடியை மதிவாணனிடம் கொடுத்தாள். சுதாகரைச் சுவிட்சைப் போடச் சொன்னாள். மதிவாணன் போட்டான், கழட்டினான், மறுபடி போட்டான். "போட்டா காணோம், கழட்டினா இருக்குது!" என்று கத்தினான்.

"நாத்திகப் பேய்கள்!" என்று சாமி கூவினார். "அது குளிர்ந்த அருள் ஒளி!"

அன்புக்கரசி ஓட்டைத் துணியைச் சாமியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "குளுந்த ஒளியா? அப்ப கண்ணாடியக் கழட்டிட்டு, எங்க வூட்டுக்காரருக்கு முன்னாடி நீங்க ஒரு தீட்ச வாங்கிக்குங்க. நாங்க பாக்கறோம்."

சாமியின் கை தானாகக் கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கூட்டத்துக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு மனை முழுவதும் சிரித்தது.

சிரிப்பு அடங்கியபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆட்டோக்காரர் தனகோட்டி.

"அப்ப என் கண்ணு?"

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். சாமி அந்தச் சமயத்தைப் பயன்படுத்தி மேடையின் பின்பக்கமாக இறங்கி ஓடினார். கண்ணாடியைக் கழட்டவில்லை. அதனால் இருட்டில் சாம்பிராணிச் சட்டியில் தடுக்கி விழுந்து, போலீஸ் வரும்வரை அங்கேயே கிடந்தார். தண்டத்தைப் பிளந்து பார்த்தால் உள்ளே ஒரு லேசர் டார்ச். சுதாகர் எடுத்துக்கொடுத்த பெட்டியின் மேல், கண்ணில் அடிக்காதே என்று எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்படி படம் போட்டிருந்தது. சாமிக்கும் புரிந்துதான் இருந்திருக்கிறது. நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மதிவாணன் மெடிக்கலில் கடைசி வரியைப் படித்துக்காட்டிவிட்டு வந்தான். தனகோட்டியைப் பார்த்த கண் டாக்டர், விழித்திரையில் வெந்த இடம் வெந்ததுதான், இனி ஆறாது என்று சொல்லிவிட்டார். ஆட்டோ இப்போது வேறொருவரிடம் ஓடுகிறது.

இதோடு ஊர் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த சனிக்கிழமை புஷ்பவல்லியின் மைதானத்தில் வழக்கத்தைவிட நல்ல கூட்டம். தனகோட்டியும் வந்திருந்தார். நேராகப் பார்த்தால் நட்சத்திரம் மறைந்துவிடுகிறது என்பதால் தலையைச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பவல்லி தன் பேனாவை ஒரு நொடி அமுக்கி ரோகிணியைக் காட்டினாள்.

உடனே முன்வரிசையிலிருந்து வெள்ளைச்சாமி எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டினார். பயபக்தியோடு கை கூப்பினார்.

"அம்மா, நீங்க படிச்சவங்க. உங்க லைட்டு சுத்தமான லைட்டு. என் நட்சத்திரத்த ஒரே ஒரு தடவ தொட்டு வுட்டுருங்கம்மா. பேரனுக்குக் கல்யாணம் தட்டிகினே போவுது."

புஷ்பவல்லி பேனாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். தனகோட்டி குரல் வந்த பக்கம் தலையைச் சாய்த்துத் திருப்பினார்.

"யோவ், உனுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தானேயா இருக்குது? அத வெச்சிகினு என்னாதான்யா பண்ணிகினு இருக்கே?"