நூல் கெட்டின டிஸ்க்

குடும்ப யோக மலரின் ஏழாம் பக்கத்தை இந்த உலகத்திலிருந்தே ஒழித்துக்கட்டுவது என்று மோகனன் முடிவு செய்தான்.

அது அவன் மனைவி ஷியாமளாவின் அண்ணன் சிவதாணு எழுதிய பக்கம். மோகனன் பூவாருக்கு அவளைப் பெண் பார்க்கப் போன அன்று தாராவு என்ற வாத்துக் கூட்டம் துரத்தி, அவன் பலா மரத்தில் ஏறியதும், பெண்ணே ஏணி கொண்டுவந்து இறக்கியதும் அதில் வரி விடாமல் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை யோகம் கூடும்போது நூற்றைம்பது சொந்தக்காரர் முன்னால் மைக்கில் வாசிப்பார்கள். உதியன்குளங்கரையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவனுக்கு இதைவிட மானக்கேடு உண்டா?

சும்மா அழித்தால், யார் அழித்தது என்று ஷியாமளா கேட்பாள். டிஸ்க் கெட்டுப்போனால் யாரைக் கேட்பாள்?

மலர் முழுதும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது; அந்தப் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானே பதியும், கண்ணாடி மாதிரி. ஒன்று கேடானால் நல்லதைப் பார்த்து அதை நேராக்கலாம். அப்படியென்றால் கெட்டதைப் பார்த்து நல்லதைக் கெடுக்கவும் செய்யலாமே!

வெள்ளிக்கிழமை காலை ஒரு டிஸ்கின் வயரைக் கழற்றினான். மற்றதில் ஏழாம் பக்கத்தின் எழுத்தையெல்லாம் குழப்பி அவியலாக்கினான். அடையாளத்துக்கு அதில் கறுப்பு நூல் கெட்டினான். வயரைத் திரும்ப மாட்டி ஸ்விட்சைப் போட்டான். 'இரண்டும் ஒத்துப்போகவில்லை. எது நல்லது? ஒன்றா, இரண்டா?' என்று திரை கேட்டது.

கரண்டு போயிற்று.

மலரின் அட்டை பார்க்க நெய்யாற்றின்கரை அச்சகத்தில் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போனான். நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான். வாசலுக்குப் போனான், வந்தான். அட்டை சிவப்பா பச்சையா என்று கேட்டதற்கு "ஆமா" என்றான். போன் அடித்தது. ஷியாமளா.

"கரண்டு வந்தாச்சு. பெட்டி கேக்குது, எது நல்லதுண்ணு."

"கெட்டினது நல்லது."

"கெட்டது எப்பிடி நல்லதாவும்?"

"கெட்டதில்லடீ, கெட்டினது! நூல் கெட்டினது!"

"கெட்டினதெல்லாம் நல்லதுண்ணு ஒறப்பாச் சொல்ல முடியுமா? நானும் ஒருத்தரக் கெட்டியிருக்கேனே."

"எடீ, வெளையாடாத. நூல் கெட்டின டிஸ்குல நம்பர் உண்டு. அந்த நம்பர அடி. தீந்து."

"ஒருக்கா வாசிச்சுப் பாத்துட்டு அடிச்சா என்ன?"

"பாக்கண்டாம்! அடி!"

"செரி. கெட்டினதையாக்கும் அடிக்கணும். பொறவு எனக்கிட்ட கோவப்படப்பிடாது."

மோகனனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுத்தது. திறந்தால் அவளுக்குச் சந்தேகம் வருமே! பார்க்காமலே பிளாப்பியில் ஏற்றி அச்சகத்தில் கொண்டு கொடுத்தான். அவியல் அவியலாகவே அச்சேறட்டும். பழி டிஸ்குக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூவாரில் சிவதாணு மைக் முன்னால் நின்று மலரைப் பிரித்தார். ஏழாம் பக்கம். ஓரெழுத்து பிசகவில்லை. தாராவு துரத்தியபோது பெண்கள் சிரித்தார்கள். ஏணி வந்தபோது பந்தலே சிரித்தது.

மோகனன் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த ஷியாமளாவிடம் திரும்பினான்.

"நீ கெட்டினதத்தானே அடிச்ச?"

"பின்னே? கெட்டினதத்தான் அடிச்சேன். அதுக்கு மின்ன ரெண்டையும் வாசிச்சேன். ஒண்ணு நல்லா இருந்தது, மத்தது அவியலா கெடந்தது. நூல அவுத்து நல்லதுல கெட்டினேன். கெட்டினது நல்லதுண்ணு நீங்கதானே சொன்னிய?"

அவன் வாய் திறப்பதற்குள் மைக் மறுபடி முழங்கியது.

"இந்தப் பக்கம் கெட்டுப்போகப் பாத்துது. எனக்க தங்கச்சி போன்ல சொன்னா, மாப்பிள போட்ட வேல எல்லாம் விட்டுட்டு இதுக்காக அலைஞ்சாராம். மேடைக்கு வரணும், மாப்பிள!"

நூற்றைம்பது பேர் கைதட்டினார்கள். ஏழாம் பக்கத்தைக் காப்பாற்றியதற்காக, மோகனன் கழுத்தை நீட்டிப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு, மைக்கில் "நன்றி" என்றான்.