இடது வரிசை எலிகள்

என் தங்கை மகனும் மூளை ஆராய்ச்சியில் பெரிய புள்ளியுமான மாப்பிள்ளைக்கு, மாமன் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தட்டச்சுக்காரர் எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி.

ஆற்றுப்பாலம் இடிந்து, உன்னை வயிற்றில் சுமந்த உன் அம்மா படகில் வந்து இறங்கினாளே, அந்த வருஷம் நான் உன் பேராசிரியரின் எலிக்கூடத்தில் கூண்டுக்காரன், உன் அத்தை கூண்டு கழுவுபவள். இடது வரிசை நாற்பது எலிக்கு மருந்து ஊசி, வலது வரிசைக்கு வெறும் உப்புநீர் ஊசி. மூளை நரம்பை வளர்க்கிற மரபணு எல்லா எலிக்கும் உண்டு, ஆனால் அது வாயைத் திறக்குமா, அதாவது வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி என்பார் பேராசிரியர். மருந்து ஏறியதும் இடது வரிசை மூலையில் சுருண்டுவிடும். எனக்குப் பொறுக்கவில்லை. காலி நூல்கண்டு, குட்டி ஏணி, ஒளிந்து விளையாட டப்பா எல்லாம் அந்த வரிசைக் கூண்டுகளுக்குள் மட்டும் போட்டேன். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் அள்ளி வாளிக்குள் மறைப்பேன். கடைசியில் பார்த்தால் இடது வரிசை மூளையில் மரபணு சந்தைக்கடையாகக் கத்தியிருக்கிறது, வலது வரிசையில் முணுமுணுப்புகூட இல்லை. "மருந்து ஜெயிச்சிருச்சுய்யா!" என்று அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த நேரத்தில் நூல்கண்டைப் பற்றி எப்படிச் சொல்ல?

இப்போது நீ அதே மருந்தை மூன்று வருஷமாகக் குத்தியும் மரபணு வாயே திறக்கவில்லை, அடுத்த மாதம் ஆய்வகத்தை இழுத்து மூடப்போகிறார்கள் என்று போனில் அழுதாய். மனசு கேட்கவில்லை. எல்லாம் என் நூல்கண்டு செய்த வேலை மாப்பிள்ளை! மருந்தைக் குப்பையில் கொட்டு. மேலதிகாரியிடம் விளையாட்டுதான் காரணம் என்று அடித்துச் சொல். எலிகளோடு நீயும் நூறு வயது வாழ ஆசிகள்.

பின்குறிப்பு: கடிதத்தைப் படிக்கக் கேட்டு உன் அத்தை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "தீவனக் கிடங்குக்குப் போனா மத்தியானம் முழுக்கத் தூங்கிட்டுதான வருவீங்க? எதிர் வரிசை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? நீங்க வர்ற வரைக்கும் அந்த விளையாட்டுச் சாமான் எல்லாத்தையும் அதுங்களுக்குப் போட்டு வைப்பேன்" என்கிறாள். இரண்டு வரிசையும் விளையாடியிருக்கிறது என்றால் நூல்கண்டு மட்டும் காரணமில்லை, ஆகவே மருந்தைக் கொட்டியிருந்தால் உடனே பொறுக்கி எடு. பேராசிரியர் போய்விட்டார், ஊசி போட்டவர் போய்விட்டார், எண்பது எலியும் போய்விட்டன. அங்கே நடந்ததை விழித்திருந்து பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது ஒரே ஆள்தான், உன் அத்தை.