கோதுமைத் துரையின் செத்துப்போன தெரு

போன வாரம் நாவலூர் ஆபீஸ் கேன்டீனில் பிள்ளையார் சதுர்த்திச் சுண்டல் கொடுத்தார்கள். தொன்னை கைக்கு வந்ததும் என் வாய் என்னைக் கேட்காமலேயே "பனயோத்திஸ்" என்றது. பக்கத்து சீட்டு நண்பன், "இன்னா மச்சான், புது சாஃப்ட்வேரா?" என்றான். இல்லை. பனயோத்திஸ் என்பவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மீன் வறுத்தே வாழ்ந்து முடித்த ஒரு கிரேக்கர். நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் கோவளத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அவர் ஜாதகத்தையே சொல்வார்கள். அந்தக் கேன்டீன் வரிசையில்தான், இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

எல்லாவற்றுக்கும் காரணம் கோதுமைத் துரை. செங்கல்பட்டு ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டாலும், செத்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்களை அவ்வளவு நச்சரித்த இன்னொரு மனிதர் அகப்படமாட்டார்.

தொண்ணூறுகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து மகாபலிபுரம் பார்க்க வந்த வெள்ளைக்காரர், தப்பாகக் கோவளத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார். அந்தத் தப்பை அவர் கடைசிவரை திருத்திக்கொள்ளவில்லை. விசாவுக்காக அவ்வப்போது கொழும்புக்குப் போவார். போன வேகத்தில் திரும்பி வருவார். வாசற்படியில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டிய தோள்கள். காதில் புறப்பட்டு மீசையில் வந்து முடியும் கிருதா. தமிழை மீன் ஏலத்தில் நின்று கற்றவர் என்பதால் போஸ்ட்மாஸ்டரிடமும், "இன்னா நைனா, கடுதாசி கீதா?" என்றுதான் கேட்பார்.

சிறு பிள்ளையாக ஒரு கிரேக்கத் தீவிலிருந்து கப்பலேறி மெல்போர்ன் போய்ச் சேர்ந்தவர் அவர். அங்கே அவர் தெரு முழுக்க அப்படிக் கப்பலில் வந்தவர்கள்தான். ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் வேறு இடங்களுக்குக் குடிபோனார்கள். செத்தவர்களுக்காகக் கோதுமையை அவித்து, சர்க்கரையும் மாதுளை முத்தும் தூவி, பேர் சொல்லிப் பகிர்ந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். அந்தத் தெருக்காரர்களின் பேரைச் சொல்ல மிச்சமிருந்தது துரை ஒருவர்தான். தனக்குப் பிறகு யார் சொல்வார்கள் என்ற பயம் அவரைத் தின்றது. குழந்தை குட்டி கிடையாது.

ஒரு சனிக்கிழமை காலை எங்கள் மளிகைக்கடை பாயிடம் போய் நின்றார். "பாய், நல்ல கோதுமை குடு. செத்தவங்களுக்கு."

"எவ்ளோ வோணும் தொரே? எத்தினி பேரு செத்தாங்க?"

"ஒரு தெரு."

பாய் பெரிய பையாக எடுத்தார்.

சாயங்காலம் அண்டாவோடு கடற்கரைக்கு வந்தார் துரை. மீன் விற்கும் கன்னியம்மா, வெள்ளைக்காரன் சுண்டல் வியாபாரத்தில் இறங்கிவிட்டான் என்றே முடிவு கட்டினாள். "ஒரு பொட்லம் எவ்ளோ தொரே?"

"காசு வாணாம். பேரு சொல்லு."

"கன்னியம்மா."

"உம்பேரு இல்ல. செத்தவன் பேரு."

"யோவ், எவன்யா செத்தான்? ஒயுங்கா சொல்லு!"

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு கை கோதுமைக்கு ஒரு கதை. கதையைக் கேட்டு, பேரைத் திருப்பிச் சொன்னால் இன்னொரு கை. அடுத்த சனிக்கிழமை வரிசை படகு வரைக்கும் நீண்டது. "எனக்குப் போன வாரமும் பனயோத்திஸ்தான் வந்தாரு, வேற ஆள் குடு தொரே" என்று சண்டைகூட நடந்தது. இந்தப் பனயோத்திஸ், மூன்று தங்கைகளுக்கு ஊரில் கல்யாணம் நடக்கப் பணம் அனுப்பி அனுப்பியே தான் கல்யாணம் செய்ய மறந்துபோனவர். நாள் முழுக்க மீன் வறுத்தவர், ஒரு துண்டு மீன் சாப்பிட்டதில்லை. கோட்டில் மீன் வாடை அடிக்கிறதென்று சர்ச்சிலும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவாராம்.

கன்னியம்மாவுக்குப் பிடித்தது எலேனி. போட்டோவைப் பார்த்துச் சம்மதித்துக் கப்பலேறிய பெண். துறைமுகத்தில் இறங்கினால், போட்டோவில் இருந்தது மாப்பிள்ளையின் அழகான சிநேகிதன். எலேனி செருப்பைக் கழற்றி மாப்பிள்ளை மேல் எறிந்தாள். பிறகு அவனையே கட்டிக்கொண்டு கடைசிவரை வாழ்ந்தாள்.

"செருப்பாலயா அடிச்சா?" கன்னியம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "அவ பேரை எனக்கு வுட்று. வேற எவளுக்கும் குடுக்காத." அன்றிலிருந்து எலேனி எங்கள் ஊரில் எலனியம்மா ஆனாள்.

இதில் எனக்கு ஒரு நியாயம் உதைத்தது. ஏனென்றால் துரை பேர் விஷயத்தில் எமகாதகர். "பாக்டரி மேஸ்திரி சொன்னான், உங்க பேரு வாய்ல நொழையல. ஒருத்தன் பீட்டரு, ஒருத்தன் ஜார்ஜு, ஒருத்தன் ஸ்டீவு. கல்லறை கல்லுலகூட அதான். அம்மா வச்ச பேரு எங்க போச்சி?" என்று கண் சிவப்பார். "மேஸ்திரி மாத்தினா தப்பு, கன்னியம்மா மாத்தினா சரியா?" என்று மடக்கினேன். அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். யாரையாவது மடக்கியே ஆக வேண்டும்.

துரை அண்டாவைக் கிளறியபடியே சொன்னார். "அவன் மொறச்சிகினு மாத்தினான். இவ சிரிச்சிகினு மாத்தறா."

எல்லாப் பேரையும் எழுதி வைக்கிறேன் என்றதற்கும் திட்டுதான் விழுந்தது. "எய்தினா மூடி வச்சிடுவ. வாய்ல வை."

அடுத்தது காக்கா விவகாரம். இவ்வளவு பேருக்குத் திதி கொடுக்கிறார், காக்காவுக்கு வைக்காமல் விட்டுவிட்டாரே என்று கன்னியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை முதல் கைக் கோதுமையை இலையில் வைத்து, வெள்ளைக்காரச் செத்தவர்களுக்கு வெறும் கோதுமை போதுமா என்று ஒரு துண்டு கருவாடும் சேர்த்து, "கா... கா..." என்று கூப்பிட்டாள். துரை, "இன்னா பண்ற? பறவைக்கு ஏன் போட்ற?" என்று குதித்தார்.

"சும்மா கெட தொரே. உன் ஆளுங்கதான் வருவாங்க."

ஒரு காக்கா வந்தது. கோதுமையைக் கொத்தியது. கருவாட்டைத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. தொடாமல் பறந்துவிட்டது.

"பாத்தியா," என்றாள் கன்னியம்மா மெதுவாக. "உங்க மீன் துன்னாத ஆளு."

அவ்வளவு பெரிய மனிதர் மணலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுததை அன்றுதான் பார்த்தேன். கோவளத்துக் காக்கா கருவாட்டை விடுமா என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. பக்கத்தில் ஒரு நாய் நின்றிருந்தது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு அவர் பேரைக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, "உசுரோட கீறவன் பேரு கோதுமைல வரக்கூடாது. அப்பால சொல்றேன்" என்றார்.

போன வருஷம், கல்யாணமாகி எப்போதோ அந்தத் தெருவை விட்டுப் போயிருந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று மெல்போர்ன் போனார். அக்கா பிழைத்துக்கொண்டார். போன மாதம் பாய் கடைக்கு போன் வந்தபோது நான் அங்கேதான் நின்றிருந்தேன். பேசியது துரையின் அக்கா மகள். தூக்கத்திலேயே போய்விட்டாராம். "ஸ்டீவ் அங்கிள்" என்றுதான் சொன்னாள்.

பாய் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன்னிடமிருந்த இங்கிலீஷ் முழுவதையும் செலவழித்தார். "ஸ்டீவ் நோ. மதர் புட் நேம்?"

தனக்குத் தெரியாது, தம்பி போன துக்கத்திலிருந்து அம்மா தேறியதும் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை.

கேன்டீனிலிருந்து நேராகப் பாய் கடைக்குப் போய், துரைக்கும் கோதுமை அவிப்போம் என்றேன். பேர் தெரியாமல் எப்படி என்று பாய் தயங்கினார். "நாம வச்ச பேரு கீதே, இன்னாத்துக்கு ரோசனை?" என்று கடைக்கு வந்திருந்த கன்னியம்மா முடித்துவிட்டாள். பாய் கோதுமை தருகிறார். காக்காவை அவள் பார்த்துக்கொள்வாள். அவிக்கிற வேலை என்னுடையது. எனக்கு வெந்நீர் வைக்கவே பக்குவம் போதாது.

வருகிற சனிக்கிழமை பனயோத்திஸில் ஆரம்பித்து, எலனியம்மாவைக் கடந்து, அந்தத் தெரு முழுவதையும் சொல்லிவிட்டு, கடைசிக் கைக் கோதுமைக்கு "கோதுமைத் துரை" என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன். சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டும். அது மட்டும்தான் எனக்கு வருமா என்று தெரியவில்லை.