நாக்டர்ன் துள்ளும் ஊர்

ரொமான்டிக் காலத்து மேற்கத்திய இசையை, இசையின் தொந்தரவே இல்லாமல் கரைத்துக் குடித்த ஊர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. வியன்னா அல்ல, பாரிஸும் அல்ல. அந்த ஊர்க்காரர்கள், பாவம், இன்னமும் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். செஞ்சி அந்தக் கட்டத்தைத் தாண்டி ஏழு வருஷம் ஆகிறது.

இந்தப் பெருமைக்கு உரியவர் பொன்னுசாமி. திருவண்ணாமலை ரோட்டில், உரக்கடை மாடியில் 'சிகரம் கோச்சிங் சென்டர்' நடத்துகிறார். இசை ஆசிரியர் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்காக அவர் வெளியிட்ட 'ரொமான்டிக் கால இசை: பொருத்துக' என்ற கையேடு பதினாறே பக்கம். அட்டையில் ரோஜாப்பூவும் இரண்டு அன்னமும். உள்ளே இடப்பக்கம் கலைச்சொல், வலப்பக்கம் அதன் பொருள். சென்டரில் ஒரு கீபோர்டும் இருக்கிறது. வாங்கிய அன்றைக்கு இருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. ஆயுதபூஜைக்கு உறையின் மேலேயே சந்தனம் குங்குமம் வைப்பார்கள். சுவிட்சைப் போடுவதில்லை. "சத்தம் வந்தா பசங்களுக்கு கவனம் செதறுது" என்பார் பொன்னுசாமி.

இங்கேதான் தொண்டூர் வளர்மதி வந்து சேர்ந்தாள். பி.ஏ. முடித்துவிட்டு ஐந்து வருஷமாக ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். 'வேலை பார்க்கிறாள்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அது பதினோரு மணி நேரம் நிற்கிற வேலை. ஊழியர் உட்காரலாம் என்று சட்டமே வந்துவிட்டதால் கடையில் ஸ்டூலும் உண்டு. அதன்மேல் ஜாக்கெட் பிட் அடுக்கியிருந்தார்கள். அவள் கால்களை ஒருநாள் பார்த்துவிட்ட அப்பா தனகோட்டி, "இன்னாம்மா இது, நரம்பெல்லாம் இப்டி சுருட்டிக்கினு இருக்குது" என்று கலங்கிப்போனார். வளர்மதிக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது: நாற்காலி உள்ள வேலை. கோட்டைக்குப் போகிற வழியில் புதிதாகத் திறந்த ஒரு குளோபல் பள்ளி, 'மேற்கத்திய இசை ஆசிரியை தேவை' என்று பேனர் கட்டியிருந்தது.

இரண்டே வாரத்தில் கையேட்டை மனப்பாடம் செய்துவிட்டாள். ருபாட்டோ: இரவின் அமைதியைச் சொல்லும் பியானோ இசை. நாக்டர்ன்: வேகமாக, விளையாட்டாகத் துள்ளும் இசை. ஷெர்ட்ஸோ: பியானோ துணையோடு ஒருவர் பாடும் கவிதை. இப்படியே நாற்பது.

வினை அமாவாசையன்று வந்தது. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியவள், பொழுது போகாமல் போனில் 'நாக்டர்ன்' என்று தட்டி ஹெட்போனை மாட்டினாள். இதோ துள்ளும், இதோ துள்ளும் என்று காத்திருந்தாள். அது துள்ளவில்லை. யாரோ ஒருவர், தூங்குகிற வீட்டில் யாரையும் எழுப்பிவிடாமல் வாசிப்பது போலிருந்தது. நடுவில் ஓரிடத்தில் தாளம் தயங்கி நின்று, பிறகு ஓடிவந்து சேர்ந்துகொண்டது. வளர்மதியின் கண்ணிலிருந்து நீர் தாரையாகக் கொட்டியது. பக்கத்தில் நின்ற அம்மாள், "அழுவாத கண்ணு, அங்காளம்மா பாத்துக்குவா" என்று தேற்றினாள்.

மறுநாள் கையேட்டோடு பொன்னுசாமி முன்னால் போய் நின்றாள்.

"சார், நாக்டர்ன் துள்ளல சார். அதோட அர்த்தம் மேல ருபாட்டோவுக்குப் போயிடுச்சி. நாப்பதும் ஒரு வரி மேல ஏறியிருக்குது."

"யார் சொன்னது?"

"நானே கேட்டேன் சார்."

"இன்னாத்த கேட்ட?"

"பாட்ட."

பொன்னுசாமி பேனாவை மூடி வைத்தார். "பாட்ட எதுக்கும்மா கேட்ட? அது சிலபஸ்லயே இல்லியே."

பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "டி.டி.பி. அடிச்சவன் மொத அர்த்தத்த கடைசில போட்டுட்டான். ஏழு வருஷமா எனக்கும் தெரியும். இதுல படிச்சவங்க எரநூறு பேரு வேலைல இருக்காங்க. இன்டர்வியூல கேள்வி கேக்கறதே அவங்கதான். நீ ஒருத்தி சரியா சொன்னா, நீ ஒருத்திதான் ஃபெயிலு. டென்ஷன் ஆவாத. புக்குல இருக்கறத சொல்லு."

நேர்காணலில் இரண்டு பேர். தாளாளர் ராமச்சந்திரன் ஒருவர். 'பொருள் வல்லுநர்' ஜெயஸ்ரீ மற்றவர். இவர் கையேடு வந்த முதல் வருஷமே பொன்னுசாமியிடம் படித்தவர்.

"கீபோர்டு வாசிப்பீங்களா?" என்றார் தாளாளர்.

"தெரியாதுங்க சார்."

"நல்லதாப் போச்சு. காலைல ஒருத்தர் வந்து வாசிச்சே காட்டிட்டாரு. எங்களுக்கு மார்க் போட வழியே இல்ல."

"நாக்டர்ன்?" என்றார் ஜெயஸ்ரீ.

"இரவின் அமைதியை..." என்று வளர்மதியின் வாயிலிருந்து தன்னால் வந்துவிட்டது. ஜெயஸ்ரீயின் பேனா நின்றது.

"யோசிச்சி சொல்லும்மா. நல்லா உக்காந்து, நிதானமா."

உட்கார்ந்துதான் இருந்தாள். குஷன் வைத்த நாற்காலி. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, பகல் பதினோரு மணிக்கு அவள் கால் வலிக்கவில்லை.

"வேகமாக, விளையாட்டாகத் துள்ளும் இசை, மேடம்."

"வெரி குட்."

வேலை கிடைத்தது. ஆண்டு விழாவில் 'நாக்டர்ன்' என்ற தலைப்பில் முப்பது பிள்ளைகள் மேடை அதிரத் துள்ளினார்கள். பெற்றோர் எழுந்து நின்று விசிலடித்தார்கள். மகிழ்ந்துபோன பொன்னுசாமி, கையேட்டின் 'திருத்திய பதிப்பை' வெளியிட முடிவு செய்தார். அட்டையில் அன்னங்களுக்குக் கீழே 'சரிபார்த்தவர்: செல்வி வளர்மதி, இசை ஆசிரியை' என்று புதிதாக ஒரு வரி.

அச்சகத்தில் இந்த முறை வேறு ஆள். ஊர் விவரம் தெரியாதவர். போனில் தேடிப் பார்த்து, கடைசியில் கிடந்த பொருளை எடுத்து முதலில் போட்டு, நாற்பதையும் அதனதன் இடத்திலேயே இறக்கிவிட்டார்.

சரிபார்க்க வந்த தாள்களை மேசையில் விரித்துக்கொண்டு, வளர்மதி தன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். காதில் ஹெட்போனை மாட்டி அந்த நாக்டர்னை ஓடவிட்டாள். சிவப்புப் பேனாவால் நாற்பதையும் பழையபடி ஒவ்வொரு வரி மேலே ஏற்றினாள். தாளம் தயங்கி நின்ற இடத்தில் அவள் பேனாவும் கொஞ்சம் நின்றது. முடித்ததும் கடைசிப் பக்கத்தில் 'இனிப் பிழை இல்லை' என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள்.

அதுவரைக்கும் அது வெறும் அச்சுப் பிழை. அன்றைக்குத்தான் அதற்கு ஒரு கையெழுத்து கிடைத்தது.