இருபத்திரண்டாவது வரி

பதினெட்டு வரி எழுதிக் கொடுத்தாள். இருபத்திரண்டாகத் திரும்பி வந்தது.

டைப் அடித்து, கீழே பாதுகாப்புப் பிரிவின் நீல முத்திரை குத்தி, கண்ணாடித் தாளுக்குள் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஆலையின் பின்பக்கத் திடலில், காலை வெயிலில், காலடியில் ட்ரோனை வைத்துக்கொண்டு டிகிரி அதை மூன்றாவது தடவையாக எண்ணினாள். இருபத்திரண்டுதான்.

டிகிரி என்பது ஆலை அவளுக்கு வைத்த பெயர். பட்டம் வாங்கியவர்கள் அங்கே இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. தொட்டிக்காரர் மகள் வாங்கினால்தான் பட்டம் பட்டப்பெயராகிறது.

தொட்டிக்காரர் அவள் அப்பா. ஆலையின் தண்ணீர்த் தொட்டி ஆறு தூண்கள் மேல் தொண்ணூறு அடி உயரத்தில் நிற்கிறது. நூற்றுப் பன்னிரண்டு இரும்புப் படிகள். வாரா வாரம் ஏறி, உச்சியில் எங்கே வெடித்திருக்கிறது, எங்கே காரை பெயர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குவது இருபத்தாறு வருஷமாக அவர் வேலை. போன மாதம் எண்பதாவது படியில் கால் வழுக்கி, ஒற்றைக் கையில் தொங்கினார். இறங்கி வந்து, "ஒண்ணுமில்லம்மா, செருப்புதான் விழுந்துச்சு," என்றார்.

மறுநாளே அவள் மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள். கல்யாண வீட்டுக்காரர்கள் படம் எடுக்கும் அதே சின்ன ட்ரோன் போதும், மேலே ஆள் ஏறவே வேண்டாம், பாதுகாப்புக்குச் சரிபார்ப்புப் பட்டியலை நானே எழுதித் தருகிறேன் என்றாள். மேனேஜர் யோசித்தார். யோசிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

"ஒரே ஒரு நாள் பறக்க விட்டுப் பாரும்மா. அஞ்சு மணிக்குள்ள உச்சி தெளிவாத் தெரியணும். தெரிஞ்சா ஏணிக்குப் பூட்டு. தெரியலைன்னா ட்ரோன் அலமாரிக்கு."

"பூட்டிட்டா எங்கப்பாவுக்கு என்ன வேலை, சார்?"

"கீழ ஏதாவது பார்ப்போம்."

அன்றைக்கே வீட்டில் சொன்னாள். "இனிமே நீ ஏற வேணாம்ப்பா."

"அப்ப நான் என்னம்மா பண்றது?"

"நிழல்ல உக்காரு."

அப்பா சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று அவள் நினைத்தாள்.

இப்போது பத்தொன்பதாவது வரி சொன்னது: 'உச்சியில் கம்பி, பறவைக் கூடு, தளர்ந்த தகடு ஏதும் இல்லை என அனுபவமுள்ள ஓர் ஆள் நேரில் ஏறிப் பார்த்து, இறங்கி வந்து, நோட்டில் கைநாட்டு வைக்க வேண்டும்.'

ஆள் ஏறாமல் இருக்கத்தான் ட்ரோன். ட்ரோன் ஏற வேண்டுமென்றால் முதலில் ஆள் ஏற வேண்டும். அவளுக்குத் தலை கொதித்தது. தாளைத் தூக்கிக்கொண்டு பாதுகாப்பு அதிகாரியிடம் ஓடினாள். அவருக்கு முத்திரை சார் என்று பெயர். வந்த தாளுக்கெல்லாம் குத்துவார். ஒரு முறை யாரோ சாப்பாடு கட்டி வந்த தாளுக்கும் குத்தினார்.

"சார், நான் கொடுத்தது பதினெட்டு. மிச்ச நாலு யார் போட்டது?"

"சீல் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நான் படிச்சிருக்கேன்னு அர்த்தம்."

"படிச்சீங்களா?"

"சீல் இருக்கில்ல?"

இந்த ஆளோடு பேசுவதும் அம்மிக்கல்லோடு பேசுவதும் ஒன்று. அம்மிக்கல்லாவது நடுவில் டீ கேட்காது.

திரும்பி வந்தபோது அப்பா இடுப்பில் கயிறு கட்டித் தயாராக நின்றார்.

"உன்னை யாருப்பா கூப்பிட்டது?"

"எழுதியிருக்குன்னு பேசிக்கிட்டாங்க. எழுதியிருந்தா செய்யணும்ல."

அது அவள் வசனம். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஏழு வயதிலிருந்து அந்த வீட்டில் எழுத்து என்றால் அவள்தான். பல்பு அட்டைப்பெட்டியில் 'ஈரக்கையால் தொடாதீர்' என்று போட்டிருந்ததற்காக, அப்பாவைக் கை உலரும்வரை இருட்டில் உட்கார வைத்தவள். 'எழுதியிருக்குப்பா' என்றால் வீட்டில் எந்த வழக்கும் முடிந்துவிடும். பரீட்சையிலும் அப்படித்தான் ஜெயித்தாள். ஒரு வரி விட்டதில்லை. விட்டால் பிடித்துத் தூக்கிவிட அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. வரியைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தாள், அப்பா படியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் போல.

அதனால் முதல் வரியிலிருந்து தொடங்கினாள். இறக்கைகளில் கீறல் இல்லை. சரி. கேமரா மூடி கழற்றியாயிற்று. சரி. மெமரி கார்டு உள்ளே இருக்கிறது. சரி. ஆறாவது வரி, 'பறக்கும் இடத்தைச் சுற்றி நூறு அடிக்குள் ஆட்கள் நிற்கக் கூடாது.' திடல் காலி. சரி. திரும்பி வரும் உயரம் தொட்டியைவிட அதிகம். சரி. ட்ரோனுக்கு உயிர் கொடுத்தாள். செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடித்தது. பதினெட்டாவது வரி அவளே எழுதியது: 'கிளம்பும்போது பேட்டரி தொண்ணூறுக்குக் கீழே இருந்தால், சார்ஜ் செய்து முதல் வரியிலிருந்து தொடங்கவும்.' தொண்ணூற்றேழு இருந்தது.

அப்பா ஏறினார். முழங்கால் அவருக்கு முன்பே ரிட்டயர் ஆகிவிட்டது. நாலு படிக்கு ஒரு தடவை நின்றார். ஏறி, பார்த்து, இறங்கி, கைநாட்டு வைக்க ஐம்பது நிமிஷம் ஆயிற்று. பேட்டரி அறுபத்தொன்று.

"என்னம்மா?"

"முதல்ல இருந்துப்பா."

"பத்தொம்போதுமா?"

"பத்தொன்பதும்தான்."

"சரி," என்றார். முணுமுணுப்புகூட இல்லை. இப்படித் தலையாட்டித் தலையாட்டித்தான் இருபத்தாறு வருஷம் ஏற வைத்தார்கள் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பத்தொன்பதை முதலில் முடித்துவிட்டு ஒன்றுக்கு வரலாமே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் 'வரிசை மாறக் கூடாது' என்று தாளின் தலையில் எழுதி, அடிக்கோடும் போட்டவள் அவளேதான்.

சார்ஜ் ஏற ஒரு மணி நேரம். அதற்குள் புத்தியைத் தீட்டினாள். இருபதாவது வரி, 'காற்று தெரிய உச்சிக் கம்பியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும்.' இருபத்தொன்று, 'பார்த்த பின் துணியை அவிழ்க்க வேண்டும்.' தனித்தனியாகச் செய்தால் ஆள் ஏறியிறங்கியே செத்துப் போவார். நோட்டையும் மைப்பெட்டியையும் பையில் போட்டு, பேட்டரி ஏறுவதற்குள்ளேயே அப்பாவை மேலே அனுப்பிவிட்டால்? அவர் அங்கே காத்திருக்க, இவள் கீழே வரிசைப்படி வர, மூன்று வரியும் ஒரே ஏற்றத்தில் முடியும். இறங்கிய பின்தானே கைநாட்டு என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. ஏற்கெனவே ஒரு தடவை இறங்கியாயிற்று என்று அதன் வாயை அடைத்தாள்.

"சிவப்புத் துணிக்கு எங்கப்பா போறது?"

அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்தார். புதுத் துணி. ஓரம்கூட மடித்துத் தைத்திருந்தது. வேர்வை துடைக்க வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள்.

அவர் மறுபடி ஏறினார். உச்சியில் நிழல் என்று தீக்குச்சி அகலம்கூடக் கிடையாது. அவள் கீழே ஒன்றிலிருந்து வந்தாள். பத்தொன்பதுக்கு மேலிருந்து கை காட்டினார். இருபதுக்குத் துணி கட்டினார், மெல்ல ஆடியது. இருபத்தொன்றுக்கு அவிழ்த்தார். பேட்டரி தொண்ணூற்றாறு. வெற்றி ஒரு முழ தூரத்தில் நின்றது.

"இறங்குப்பா," என்று கத்தினாள்.

மேலிருந்து குரல் வந்தது. "இருபத்திரெண்டு?"

தாளைப் பார்த்தாள். 'பறக்கும் நேரம் முழுவதும் அனுபவமுள்ள ஆள் உச்சியில் நின்று கவனிக்க வேண்டும்.'

ஆறாவது வரி நூறு அடிக்குள் ஆளே கூடாது என்கிறது. இருபத்திரண்டாவது வரி ஆள் இல்லாமல் கூடாது என்கிறது. தொட்டியோ குறுக்கே நாற்பது அடி. மறுபடி முத்திரை சாரிடம் ஓடினாள்.

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டுது சார். எதை விடறது?"

"ரெண்டுக்கும் ஒரே சீலாம்மா?"

"ஒரே தாள், ஒரே சீல்."

"அப்ப ரெண்டையும் செய்."

"எப்படி சார் செய்யறது?"

"நீதானம்மா டிகிரி."

திரும்பி வந்தால் பேட்டரி எழுபத்தெட்டு. ஒன்றிலிருந்து.

அப்பா இறங்கவில்லை. "எதுக்கும்மா, மறுபடி ஏறணுமே," என்று மேலேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டுத் தூக்கைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டார். வாரத்தில் ஒரு மணி நேரம் ஏறி இறங்கிய மனுஷனைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, தகிக்கிற காங்க்ரீட்டில் மூன்று மணி நேரமாக வற்றல் போட்டிருக்கிறோம் என்று அவளுக்கு அழுகை முட்டியது. அழுவதற்குப் பட்டியலில் வரி இல்லை.

மூன்றாம் சுற்றில் இருபத்திரண்டுக்கு வந்தபோது மணி நாலு. பேனாவை எடுத்தாள். ஒரே ஒரு கோடு. அந்த வரியை அடித்துவிட்டால் அப்பாவை இறக்கிவிடலாம். பேனா முனை தாளில் தொட்டது. கை நகரவில்லை. கால் நூற்றாண்டாக எந்த வரியையும் அடிக்காத கை.

அப்போதுதான் வழி தோன்றியது. தொட்டிக்கு மேலே போகாமல், நூறு அடி தள்ளி நின்று, பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தால்? ஆறும் உடையாது, இருபத்திரண்டும் உடையாது. தன்னையே மெச்சிக்கொண்டு ட்ரோனைக் கிளப்பினாள். தேனீக் கூட்டம் போல இரைந்து எழுந்தது. உச்சி மட்டத்துக்குப் போய் நின்றது. வெடிப்பு தெரியும் அளவுக்கு ஜூம் வைத்து, பதினொரு படங்கள் எடுத்தாள். ட்ரோன் சமர்த்தாக இறங்கி, கிளம்பிய இடத்திலேயே உட்கார்ந்தது.

மேனேஜர் கணினியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முதல் படத்தில் அப்பா கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவதில் இடுப்பில் கை வைத்து நின்றார். மூன்றாவதில் தலை வாரியிருந்தார். ட்ரோன் எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் அவரும் வந்து நின்றிருந்தார், கவனித்தபடி.

"தொட்டி எங்கம்மா?"

"அவருக்குப் பின்னால சார்."

"விரிசல்?"

"அதுவும் அவருக்குப் பின்னாலதான்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தொட்டிக்காரரைக் கூப்பிடு."

அப்பா வந்து வாசலில் நின்றார். முகம் சுட்ட செங்கல் நிறம். "கிழக்கால மூணு வெடிப்பு சார். ஒண்ணு புதுசு, சாண் நீளம். மழைக்கு முன்னாடி பூசிடலாம்."

இருபது நொடியில் சொல்லி முடித்தார். நாள் முழுக்க இருபத்திரண்டு வரியும் ஒரு ட்ரோனும் சேர்ந்து சொல்லாததை.

"ட்ரோன் பறக்கணும்னாலும் இவரு ஏறித்தான் ஆகணும்னா, அது எதுக்கு?" என்றார் மேனேஜர். "பழையபடியே இருக்கட்டும். அலமாரியில வை."

அப்பா தலையாட்டினார். படியில் இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி இறங்கினார். அடுத்த வாரம் இதே கால் நூற்றுப் பன்னிரண்டு படி ஏறும். அந்த நினைப்பு கோபமாக மாறியது. அவளுக்கு எல்லாமே கடைசியில் கோபமாகத்தான் மாறும்.

தாளை எடுத்துக்கொண்டு நேரே டைப் அறைக்குப் போனாள். டைப்பிஸ்ட் அக்கா பைக்குள் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தப் பத்தொன்பதுல இருந்து இருபத்திரண்டு வரைக்கும் தூக்கிட்டுப் புதுசா அடிச்சுக் குடுங்க. நான் திரும்பவும் மேனேஜர்கிட்ட போறேன். எந்த மடையன்க்கா இதைச் சேர்க்கச் சொன்னது? அவனுக்கு அப்பன் ஆத்தா கிடையாதா? மேல ஏறி நிக்கற மனுஷனைப் பத்தி ஒரு நிமிஷம் நினைச்சிருப்பானா?"

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். அவளையும் பார்த்தார். பையை மெல்ல மேசைமேல் வைத்தார்.

"உங்கப்பாதாம்மா வந்து சொல்லி அடிக்கச் சொன்னாரு. 'மேல ஆள் வேணும்னு தாள்ல இல்லைன்னா, கீழயும் ஆள் வேணாம்னு அனுப்பிடுவாங்க. நீங்க எழுதி மட்டும் வெச்சிடுங்க, எழுதியிருந்தா என் பொண்ணு ஒரு வரி விடமாட்டா'ன்னாரு."